சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு கிரியேட்டினின் ஏறுகிறது, கிட்னி பயாப்சி அவசியமா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்காகக் கேட்கிறேன். வயது 46, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. போன வருடம் விடாத வறட்டு இருமல், எடை குறைவு என்று ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு நடுவில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்து, சளியில் கிருமி எதுவும் தெரியாமலேயே, டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் இருமல் அப்படியே இருந்தது. அப்புறம் வேறொரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். அவர் ஈபஸ் செய்து, அதாவது மூச்சுக்குழாய் வழியாக ஸ்கேன் குழாய் விட்டு, நெறியிலிருந்து ஊசியில் சதை எடுத்தார். கிரானுலோமா, அதாவது அழற்சி செல்கள் திரண்ட சின்னக் கட்டி, இருக்கிறது, ஆனால் டிபியில் வருவது போல நடுவில் செத்துப்போன திசு இல்லை, டிபி கிருமியைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட் நெகட்டிவ், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ டெஸ்ட்டும் நெகட்டிவ், அதனால் இது சார்காய்டோசிஸ், கிருமி இல்லாமலேயே உடம்பில் இப்படிக் கட்டிகள் வரும் நோய் என்று சொல்லி டிபி மாத்திரையை நிறுத்தினார். மூச்சு ஊதும் டெஸ்ட் நன்றாக இருந்ததால் ஸ்டீராய்டு வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். அதுவரை சரி.

அதன்பிறகு உடம்பு வலி என்று பக்கத்து கிளினிக்கில் காட்டியபோது விட்டமின் டி 11 தான் இருக்கிறது, ரொம்பக் குறைவு என்று வாரம் ஒரு முறை 60,000 யூனிட் சாஷே எழுதிக் கொடுத்தார்கள். சார்காய்டோசிஸ் என்று சொல்லித்தான் காட்டினோம். கொஞ்ச நாளில் ஒரே தாகம், ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் போகிறார், மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடக்கிறார். சர்க்கரையாக இருக்குமோ என்று பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.8! முன்பு 0.9 தான் இருந்தது. கால்சியம் 11.2, ஆல்புமின் 3.5. சிறுநீரில் புரதம் 1 பிளஸ், பஸ் செல் (சீழ் அணு) 10 முதல் 12. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ஆனாலும் இன்ஃபெக்‌ஷன் என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. ஸ்கேனில் கிட்னி அளவு சரியாக இருக்கிறது, வலது பக்கம் 4 மில்லிமீட்டர் கல் ஒன்று. கேஸ் மாத்திரை பான்டப்ரசோல் ஆறேழு மாதமாக தினமும் போடுகிறார்.

கிட்னி டாக்டர் பயாப்சி செய்யலாம் என்கிறார். வீட்டில் ஒரே எதிர்ப்பு. "ஏற்கெனவே ஒரு இடத்தில் குத்தி எடுத்து இதுதான் நோய் என்று சொல்லிவிட்டார்களே, கிட்னியிலும் எதற்குக் குத்தணும்" என்று நாத்தனார் கேட்கிறார், எனக்கும் பதில் தெரியவில்லை. இதில் இன்னொரு குழப்பம், ஏசிஈ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், அது நார்மல். அது நார்மல் என்றால் நோய் அடங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம், அப்புறம் கிட்னி எப்படிக் கெடும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா, முதல் வேலையாக அந்த சாஷேயை நிறுத்தியாகிவிட்டதா? நாளைக்குக் காலையில் டாக்டருக்கு போன் போட்டு இதைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நானும் சார்காய்டோசிஸ்காரன்தான். எனக்கு நுரையீரலில் இருப்பதே பிறகுதான் தெரிந்தது, முதலில் வந்தது கல். ஒரு கல் போனால் அடுத்த கல், தண்ணீர் குடி, தக்காளி விதையைத் தவிர் என்றே காலம் ஓடியது. கால்சியம் எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு யூராலஜிஸ்ட் பார்த்துவிட்டு "கல்லை எடுத்துக்கொண்டே இருக்கலாம், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா" என்று மேல் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

எனக்கு அவர்கள் விளக்கியதைச் சொல்கிறேன். வெயிலிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் வருகிற விட்டமின் டி அப்படியே வேலை செய்யாது, அதைக் கிட்னி கடைசிக் கட்டமாக மாற்றிக் கொடுத்தால்தான் வீரியம் வரும். உடம்புக்குத் தேவையான அளவு ஆனதும் கிட்னி அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். சார்காய்டு கிரானுலோமாவில் இருக்கும் செல்களும் அதே மாற்றத்தைச் செய்கின்றன, ஆனால் அவற்றுக்கு நிறுத்தத் தெரியாது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவையும் வீரியமுள்ளதாக மாற்றித் தள்ளும். குடலிலிருந்து கால்சியம் அதிகமாக உறிஞ்சப்படும், எலும்பிலிருந்தும் கரையும், எல்லாம் சிறுநீர் வழியாகப் போகும்போதுதான் கல். நீங்கள் எழுதியிருக்கிற தாகம், ராத்திரி எழுந்து போவது, மலச்சிக்கல், சோர்வு எல்லாம் எனக்கும் அப்படியே இருந்தது, கால்சியம் இறங்கியதும் போய்விட்டது.

டி குறைவு என்று ரிப்போர்ட்டில் வருவதுகூட இந்த நோயில் ஏமாற்று வேலைதான். மாற்றித் தீர்த்துவிடுவதால் மூலச்சரக்கு குறைவாகத் தெரியும்.

சேலம் நெஃப்ரோ:

நான் சிறுநீரக மருத்துவர். நேரில் பார்க்காமல் இவருக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் டாக்டர் ஏன் பயாப்சி கேட்கிறார் என்பதை விளக்க முடியும்.

ஈரோட்டுக்காரர் சொன்னது சரி. 1939லேயே சார்காய்டோசிஸில் கால்சியம் ஏறுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள், காரணம் பிடிபட நாலு தசாப்தம் ஆனது. 1981ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள், அவருக்கு இரண்டு கிட்னியும் கிடையாது, அப்படியும் வீரியமுள்ள விட்டமின் டி அதிகம், கால்சியமும் அதிகம். கிட்னி இல்லாத உடம்பில் அதை யார் செய்தது? கிரானுலோமாதான் என்று தெரிந்தது அப்படித்தான்.

உங்கள் கணவரின் எண்களைப் பார்ப்போம். கால்சியம் 11.2 என்கிறீர்கள், ஆனால் ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 3.5. ஆல்புமின் 4க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும், ஆக உண்மையான அளவு 11.6 பக்கம். கிரியேட்டினின் 0.9லிருந்து 1.8 என்றால் 0.9 கூடியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். 46 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், கணக்குப் போட்டால் 107ல் இருந்தது 46க்கு வந்துவிட்டது. பாதிக்கு மேல் போயிருக்கிறது. அதனால்தான் அவசரப்படுகிறார்கள்.

சார்காய்டோசிஸ் கிட்னியைப் பிடிப்பது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று கால்சியம் வழி. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் கிட்னிக்குள் போகும் ரத்தக்குழாய் சுருங்கும், சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறளும், கிரியேட்டினின் ஏறும். இது நீர் ஏற்றி கால்சியத்தை இறக்கினால் பெரும்பாலும் திரும்பிவிடும். வருடக்கணக்கில் விட்டால் கல், கிட்னி சதைக்குள்ளேயே சுண்ணாம்பு படிவது, அப்புறம் நிரந்தரத் தழும்பு. ரத்தக் கால்சியம் நார்மலாக இருக்கும்போதே சிறுநீரில் அதிகமாகப் போகலாம், அதுதான் அடிக்கடி நடப்பதும்கூட. இரண்டாவது வழி, நெறியில் வந்த அதே அழற்சி கிட்னியின் சின்னக் குழாய்களுக்கு இடையிலுள்ள சதையில் வருவது. இன்டர்ஸ்டிஷியல் நெஃப்ரைட்டிஸ் என்போம். இதில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சிறுநீர் கலர் மாறாது. சிறுநீரில் கொஞ்சம் புரதம், கொஞ்சம் பஸ் செல், கல்ச்சரில் ஒன்றும் வளராது. உங்கள் ரிப்போர்ட் அப்படியே இருக்கிறது. புரதம் மிக அதிகமாக, ஒரு நாளுக்கு 3 கிராமுக்கு மேல் போனால் கிட்னியின் வடிகட்டியே பாதிக்கப்படும் வகைகளை யோசிப்போம், மெம்பிரனஸ் போன்றவை. அது குறைவுதான்.

இப்போது நாத்தனாரின் கேள்வி. கிருமி வளராமல் பஸ் செல் மட்டும் வந்தால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது கிட்னி டிபி. நெறியில் டிபி இல்லை என்று வந்தது ஆறுதல்தான், ஆனால் அந்தப் பரிசோதனைகள் எதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது. சார்காய்டோசிஸில் மான்டூ பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும், அதனால் அதை வைத்து டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிபி கிரானுலோமாவும் இதே போல விட்டமின் டியை மாற்றிக் கால்சியத்தை ஏற்றும், ஆக கால்சியம் ஏறியிருப்பது சார்காய்டுக்குச் சாட்சி ஆகாது. அடுத்து, டிபி மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது, அது கிட்னியில் இதே மாதிரி அழற்சியைக் கொண்டுவரும் என்று நன்றாகத் தெரிந்த மருந்து. பான்டப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரைகளும் அப்படியே, மாதக்கணக்கில் போடும்போது சத்தமில்லாமல் செய்யும். இரண்டு தடவை கொடுத்த ஆன்டிபயாடிக் என்ன பெயர் என்று பாருங்கள். இதற்கு மேல் அந்த விட்டமின் டி சாஷே. ஆக இந்தக் கிரியேட்டினினுக்கு சந்தேகப்பட ஆறு ஆள் இருக்கிறார்கள், சார்காய்டு அதில் ஒன்று. இவர்களை உறுதியாகப் பிரிக்க ரத்தத்திலோ ஸ்கேனிலோ ஒரு வழியும் இல்லை.

ஏசிஈ பற்றி: அதை நான் எடுப்பதே இல்லை. நோய் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு நார்மலாக வரும், வேறு நோய்களில் ஏறியும் வரும், ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போடுபவர்களுக்கு அந்த மாத்திரையே அளவை இறக்கிவிடும். பரம்பரையாகவே ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்து நோய் அடங்கியிருக்கிறது என்று முடிவெடுக்க வேண்டாம்.

பயாப்சிக்கு முன் கேட்க வேண்டிய டெஸ்ட்கள்: பாராதைராய்டு சுரப்பியிலிருந்து வரும் பிடிஎச் ஹார்மோன், இரண்டு விதமான விட்டமின் டியும், அதாவது வழக்கமான 25 ஹைட்ராக்சியோடு 1,25 டைஹைட்ராக்சியும். சார்காய்டில் பிடிஎச் அடங்கியிருக்கும். அது நார்மலாகவோ அதிகமாகவோ இருந்தால் பாராதைராய்டு சுரப்பியைத் தேட வேண்டும், கதை வேறு. அமெரிக்க மார்பு நோய் சங்கம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில், சார்காய்டோசிஸ் என்று தெரிந்த எல்லோருக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் கால்சியமும் கிரியேட்டினினும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றும், விட்டமின் டி பற்றி முடிவெடுக்கும் முன் இரண்டு வகையும் அளக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம் ஊரில் முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு சாஷே எழுதுவது தினமும் நடக்கிறது.

மருதமலை:

டாக்டர் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கும் சார்காய்டோசிஸ், கிரியேட்டினின் 2க்கு மேல் போனது. வயது எழுபது தாண்டியது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். எங்கள் டாக்டர் பயாப்சியே வேண்டாம் என்று வைசொலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறார். கொடுத்துப் பார்த்து இறங்கினால் அதுதான் நோய், இறங்காவிட்டால் அப்போது குத்திக்கொள்ளலாமே? கிட்னியில் ரத்தம் கசிந்தால் என்ன செய்வது?

சேலம் நெஃப்ரோ:

கோபமெல்லாம் இல்லை. உங்கள் அம்மா விஷயத்தில் நானும் அதையே செய்திருப்பேன். ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்த முடியாதவர், ஒற்றைக் கிட்னி உள்ளவர், கிட்னி சுருங்கிப் போனவர், இவர்களுக்குக் குத்துவதில் லாபத்தைவிட ஆபத்து கூட.

ஆனால் "கொடுத்துப் பார்த்து இறங்கினால் அதுதான்" என்பது இந்த இடத்தில் பலிக்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் விட்டமின் டியால் ஏறிய கால்சியமும் இறங்கும், மருந்தால் வந்த அழற்சியும் அடங்கும், சார்காய்டும் அடங்கும். மூன்றிலும் கிரியேட்டினின் இறங்கும். பிறகு எவ்வளவு காலம் கொடுப்பது? மருந்தால் வந்ததென்றால் அந்த மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று மாதத்தில் ஸ்டீராய்டை முடித்துவிடலாம். சார்காய்டு என்றால் ஒரு வருடம், சில பேருக்கு அதற்கும் மேல். 46 வயது ஆளுக்கு ஒரு வருட ஸ்டீராய்டு என்பது சர்க்கரை, எலும்பு, கண் எல்லாவற்றையும் தொடும் முடிவு, அதை ஊகத்தில் எடுக்க எனக்கு மனம் வராது. கிட்னியில் டிபி இருந்து வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கசிவு பற்றி: ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பது, அரை மணி நேர வேலை, பிறகு அசையாமல் படுத்திருக்க வேண்டும், ஒரு நாள் வைத்துப் பார்ப்போம். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு சிறுநீர் சிவப்பாகப் போகும், பெரும்பாலும் தானாக நிற்கும். ரத்தம் ஏற்ற வேண்டி வருவது நூற்றில் ஒருவர் அளவில்தான். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் இன்னும் குறைவு. ஆஸ்பிரின், வலி மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை அவர்களே, வரிசையும் முக்கியம். சாஷே, பான்டப்ரசோல் இரண்டையும் நிறுத்துவது, டிரிப்ஸ் ஏற்றி கால்சியத்தைக் குறைப்பது, மறுபடி கிரியேட்டினின் பார்ப்பது. அது முழுதாக இறங்கிவிட்டால் பயாப்சியைத் தள்ளிப் போடலாம் என்று உங்கள் டாக்டரே சொல்லக்கூடும். இறங்காவிட்டால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே பயாப்சி எடுத்துவிடுவது நல்லது, பிறகு எடுத்தால் கிரானுலோமா கரைந்துபோய் ரிப்போர்ட் மங்கலாக வரும். இன்னொன்று, சார்காய்டு கிட்னியில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், ஊசி அந்தத் திட்டில் படாமல் போகலாம். கிரானுலோமா இல்லை, வெறும் அழற்சி மட்டும் என்று வந்தாலும் சார்காய்டு இல்லை என்று ஆகிவிடாது. பிரான்ஸில் 2009ல் 47 பேரைத் தொகுத்து எழுதினார்கள், அதில் 10 பேருக்குக் கிரானுலோமாவே தென்படவில்லை.

லேப் மேசை:

நான் லேப் டெக்னீஷியன். டாக்டர் 24 மணி நேர சிறுநீர்க் கால்சியம் எழுதுவார், அதில்தான் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அந்த முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே போய்விட வேண்டும், அதைப் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனில், ராத்திரி எழுந்து போவதும், குளிக்கும்போது போவதும் சேர்த்து. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதுதான் கடைசி, அதைக் கேனில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம், தவறான எண்ணை வைத்து டாக்டர் மருந்து மாற்றுவதைவிட அது மேல். சில லேபில் கேனுக்குள் ஆசிட் ஊற்றிக் கொடுப்பார்கள். அதைக் கொட்டிக் கழுவிவிட்டுப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு! நேராகக் கேனுக்குள் போகாமல் ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். அதே கேனில் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், முழு நாளும் ஒழுங்காகப் பிடித்தார்களா என்று அதை வைத்துத்தான் தெரியும். பொதுவாக ஆண்களுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல், பெண்களுக்கு 250க்கு மேல் போனால் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தக் கால்சியத்துக்குக் கையில் ரப்பரை இறுக்கிக் கட்டிவிட்டு ரொம்ப நேரம் நரம்பு தேடினால் எண் கொஞ்சம் ஏறி வரும். 1,25 விட்டமின் டி எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், வெளியூருக்கு அனுப்புவோம், ரிப்போர்ட் வர நாளாகும், விலையும் அதிகம். "விட்டமின் டி" என்று மட்டும் சீட்டில் இருந்தால் 25 தான் போடுவோம், அதனால் சீட்டில் எண்ணோடு எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரதத்திலும் இதே குழப்பம் உண்டு. ஸ்டிரிப் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஆல்புமினைத்தான் பிடிக்கும். மொத்தப் புரதம்-கிரியேட்டினின் விகிதம் வேறு, ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் வேறு, எது கேட்டிருக்கிறார் என்று பார்த்துக் கொடுங்கள்.

சேலம் நெஃப்ரோ:

கடைசியாகச் சொன்னது முக்கியம். குழாய்ப் பகுதியில் அழற்சி இருந்தால் கசிவது சின்னச் சின்னப் புரதங்கள், ஆல்புமின் அவ்வளவாக இருக்காது. மொத்தப் புரத விகிதம் ஏறியும் ஆல்புமின் விகிதம் குறைவாகவும் வந்தால் அதுவே ஒரு துப்பு. ரத்தத்தில் சர்க்கரை நார்மலாக இருந்து சிறுநீரில் சர்க்கரை வந்தாலும் அப்படித்தான்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாஷேயையும் பான்டப்ரசோலையும் நிறுத்தி, அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கால்சியம் ஓரளவு இறங்கியது, கிரியேட்டினின் 1.6க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பிடிஎச் நன்றாகக் குறைந்திருந்தது, 1,25 அதிகமாக வந்தது. சிறுநீரில் டிபிக்கு ஜீன் எக்ஸ்பர்ட் பார்த்தார்கள், நெகட்டிவ். நாத்தனாரை உட்கார வைத்து டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். பயாப்சி சிக்கல் இல்லாமல் முடிந்தது. ரிப்போர்ட்டில் கிரானுலோமாவோடு இன்டர்ஸ்டிஷியல் நெஃப்ரைட்டிஸ், செத்த திசு இல்லை, டிபி கிருமிக்கான சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை, தழும்பு 20 சதவீதம் என்று இருக்கிறது. சார்காய்டு என்றே முடிவு செய்து பிரெட்னிசொலோன் 40 மில்லிகிராம் ஆரம்பித்தார்கள். கொஞ்ச வாரம் ஆகிறது, கால்சியம் 9.6, கிரியேட்டினின் 1.3.

இனி எத்தனை நாளுக்கு ஒரு முறை என்னென்ன பார்க்க வேண்டும்? டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புக்கு என்று கால்சியமும் டி3யும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது, சல்ஃபா மாத்திரை ஒன்றும் இருக்கிறது. இதைப் போடலாமா?

சேலம் நெஃப்ரோ:

நல்ல செய்தி. அந்த பிரெஞ்சுத் தொகுப்பில் முதல் மாதத்தில் நன்றாக இறங்கியவர்களே ஒரு வருடம் கழித்தும் நன்றாக இருந்தார்கள். பழைய 0.9க்கே திரும்புமா என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தழும்பான பகுதி திரும்பாது, 1.1, 1.2 என்று நின்றால் அதுவே அவருடைய புதிய நார்மல். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி ஒப்பிட வேண்டியது அதோடுதான், ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 1.3 வரை நார்மல் என்பதோடு அல்ல.

முதலில் மாத்திரை. கால்சியம், டி3 மாத்திரையை உடனே உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஸ்டீராய்டு எழுதும்போது எலும்புக்காக அதைச் சேர்த்து எழுதுவது எல்லா நோய்க்கும் பழக்கம், கை தானாக எழுதிவிடும். கால்சியம் ஏறி அட்மிட் ஆனவருக்கு 1,25 இறங்கியதா, சிறுநீர்க் கால்சியம் இறங்கியதா என்று பார்க்காமல் அது கூடாது. எலும்புக்கு வேறு வழி உண்டு, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டுத் தேவைப்பட்டால் வேறு மருந்து. சல்ஃபா மாத்திரை, கோ-ட்ரைமாக்சசோல்தானே, ஸ்டீராய்டில் நுரையீரல் கிருமி வராமலிருக்கக் கொடுப்பது. அது கிட்னியைக் கெடுக்காமலேயே கிரியேட்டினின் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், பொட்டாசியத்தையும் ஏற்றும். ஆகவே அது ஆரம்பித்த வாரத்தில் 1.3 என்பது 1.5 ஆனால் நோய் திரும்பிவிட்டது என்று பதறி ஸ்டீராய்டைக் கூட்டிவிடக் கூடாது. சில சமயம் உண்மையாகவே சல்ஃபாவுக்கு அலர்ஜியாகி கிட்னி பாதிக்கப்படவும் செய்யும், காய்ச்சல், தடிப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அட்டவணை கிடையாது, நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் மாதம் வாரம் ஒரு முறை கிரியேட்டினின், கால்சியம், பொட்டாசியம், சர்க்கரை. ஸ்டீராய்டுக்குக் கால்சியம் இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் கூடவே வேறு ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும், உங்களுக்கு அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. பிறகு டோஸ் குறைக்கும் காலம் முழுக்க மாதம் ஒரு முறை, அதாவது ஒவ்வொரு படி இறக்கிய பிறகும் ஒரு முறை. நோய் திரும்புவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான், மருந்தை நிறுத்திய முதல் வருடத்திலும்தான். நிலைத்த பிறகு மூன்று மாதம், அப்புறம் ஆறு மாதம். சிறுநீரில் புரத விகிதமும் பஸ் செல்லும் ஒவ்வொரு முறையும். 24 மணி நேரக் கால்சியம் இப்போது ஒன்று, டோஸ் பாதியானதும் ஒன்று. ஸ்கேன் வருடத்துக்கு ஒரு முறை, அந்த 4 மில்லிமீட்டர் கல்லுக்காக. பெட் ஸ்கேன் எடுத்து கிட்னியைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள், அதில் போடும் மருந்தே சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், கிட்னி எப்போதும் பளிச்சென்று தெரியும், அழற்சியைப் பிரித்துப் பார்க்க முடியாது. இதயத்துக்கும் மற்ற இடங்களுக்கும் பயன்படும், அது தனி விஷயம்.

நுரையீரல் டாக்டர் "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது" என்றாலும் கிட்னி டெஸ்ட்டை விடாதீர்கள். நெஞ்சு அமைதியாக இருக்கும்போதே கிட்னியில் நோய் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கண் டாக்டரிடம் ஒரு முறை முழுப் பரிசோதனை, ஈசிஜி ஒன்று, இரண்டும் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாமல் போனால் அசதயோபிரின், மைகோஃபினோலேட் என்று அடுத்த மருந்துகள் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டும் சார்காய்டுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அது கிட்னி வழியாக வெளியேறுவது, இஜிஎஃப்ஆர் குறைந்தவருக்குத் தேங்கிவிடும். நுரையீரல் டாக்டர் எழுதினாலும் கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா, டாக்டர் சொன்னதோடு வீட்டு விஷயம் ஒன்றிரண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலேயே தலையில் கட்டும் சத்து மாவு, மல்டிவிட்டமின், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றிலும் டி இருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி வெயிலில் நிற்கிற வேலை வேண்டாம், வெயிலாலும் கால்சியம் ஏறும், எனக்கு கோடையில் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் வரும். மூட்டு வலி, பல் வலி என்றால் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் மட்டும். பிரஷருக்கோ கல்லுக்கோ தயாசைடு வகை நீர் மாத்திரை யாராவது எழுதினால் சார்காய்டோசிஸ் என்று சொல்லிவிடுங்கள், சாதாரணக் கல்லுக்கு நல்லதுதான், நமக்குக் கால்சியத்தை ஏற்றிவிடும்.

பால் மோரை அடியோடு நிறுத்தச் சொன்னார்களா? எனக்கு முதலில் ஒருவர் அப்படிச் சொன்னார், பிறகு கிட்னி டாக்டர், கால்சியம் நார்மலான பிறகு வழக்கமான சாப்பாட்டுப் பாலைத் தடுக்க வேண்டாம், ஒரேயடியாக நிறுத்தினால் கீரையிலிருக்கும் ஆக்சலேட் அதிகமாக ஏறி வேறு வகைக் கல் வரும் என்றார். அண்ணனுக்கு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருதமலை:

தண்ணீர் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லையே. அம்மாவுக்கு அளந்து குடிக்கச் சொன்னார்கள்.

சேலம் நெஃப்ரோ:

அம்மாவுக்கு இதயமோ கால் வீக்கமோ காரணமாக இருக்கும், அவருக்கு அந்த அளவுதான் சரி. இவருக்கு வீக்கம் இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது, கல்லும் இருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வருமளவுக்குக் குடிக்கலாம், நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே உள்ளே போக வேண்டியிருக்கும். இதயப் பரிசோதனை முடிந்த பிறகு உங்கள் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காவிரிக்கரை:

கால்சியம் மாத்திரையை டாக்டரிடம் காட்டினேன், அடித்துவிட்டு டெக்ஸாவுக்கு எழுதிக் கொடுத்தார். சல்ஃபா தொடரச் சொன்னார், அடுத்த வாரம் பொட்டாசியம் பார்க்க வேண்டும். கேன் வாங்கி வந்தாயிற்று, உள்ளே ஆசிட் இருக்கிறது, நாத்தனார் கழுவப் போனார், பிடுங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டில்தான் இருப்பார், அன்றைக்குப் பிடித்துத் திங்கள் காலை கொடுத்துவிடுகிறோம். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.